பாஸ்வேர்டு என்பது சாவியா, கையெழுத்தா?

ஒரு கடை, ஒரு கம்ப்யூட்டர், நாலு பேர். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். திண்டிவனம் நேரு வீதியில் இருக்கும், விழுப்புரம் கடைவீதியிலும் இருக்கும். கணக்கு எழுத டேலி. அதைத் திறக்க ஒரே ஒரு பாஸ்வேர்டு. அது முதலாளிக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், பில் போடும் பையனுக்குத் தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட மாதம் ஒருமுறை வந்துபோகும் ஆடிட்டர் ஆபீஸ்காரருக்கும் தெரியும். மறந்து போகிறவர்களுக்காக மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் ஒட்டியிருப்பார்கள் :-)

இதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "எல்லாம் நம்ம ஆளுங்கதானே!"

இந்த 'நம்ம ஆளுங்கதானே'வுக்கு என்ன விலை என்பதை விழுப்புரம் மாவட்டம் 2020-ல் நேரிலேயே பார்த்தது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால், ஒரு சாஃப்ட்வேரைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது 'ரோல்', 'பர்மிஷன்' என்கிறார்களே, அது என்ன என்று பார்த்துவிடலாம்.

யாருக்கு எவ்வளவு?

விஷயம் ரொம்ப எளிமையானது. ஒரு கணக்கை நாலு பேர் கையாளுகிறார்கள் என்றால் நாலு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். யார் பார்க்கலாம்? யார் புதிதாக எழுதலாம்? எழுதியதை யார் திருத்தலாம், அழிக்கலாம்? கடைசியாக, "சரி, பணம் கொடு" என்று யார் ஒப்புதல் தரலாம்? இந்த நாலையும் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பதுதான் பர்மிஷன். ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தால் அது ரோல். கூகுள் ஷீட்டில் பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், திருத்துபவர், உரிமையாளர் என்று இருக்கிறதே, அதுதான். வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் ஆட்களை நீக்கலாம் என்பதும் அதே கதைதான்.

திண்டிவனத்தில் ஒரு மணிலா மண்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வெளியூர் நண்பர்களுக்கு: மணிலா என்றால் வேர்க்கடலை. இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.) மூட்டை எடை போட்டதும் பில் போடுவது பையனின் வேலை. அவனுக்குப் புதுப் பில் போடும் உரிமை போதும், பழைய பில்லை அழிக்கும் உரிமை எதற்கு? கணக்குப்பிள்ளை திருத்தலாம், ஆனால் போன வருஷக் கணக்கில் கைவைக்க வேண்டியதில்லை. ஆடிட்டர் ஆபீஸ்காரர் எல்லாவற்றையும் பார்க்கலாம், ஆனால் எதையும் மாற்ற வேண்டாம். யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிப்பது முதலாளி. டேலியிலேயே இதெல்லாம் செய்ய முடியும். டேட்டா என்ட்ரி செய்பவருக்குத் தனி ரோல் கொடுக்கலாம். இத்தனை நாளுக்கு முந்திய தேதி போட்டு வவுச்சர் எழுதக் கூடாது என்றுகூடக் கட்டுப்படுத்தலாம். எத்தனை கடையில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது ஒரு நாள் 10,000 ரூபாய் பில் ஒன்று காணவில்லை. யார் அழித்தது? கம்ப்யூட்டரைக் கேட்டால் 'அட்மின்' என்று சொல்லும். அட்மின் யார்? நாலு பேரும்தான்! நாலு பேரும் அட்மின் என்றால் யாருமே அட்மின் இல்லை என்றுதான் அர்த்தம். அப்புறம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பேரில் சம்பளம் குறைந்தவன் யாரோ, அவன்மேல்தான் முதல் சந்தேகம் விழும். பில் போடும் பையன் "நான் இல்லீங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் நிரூபிக்க அவனிடம் ஒன்றும் இருக்காது.

பர்மிஷன் என்றாலே ஊழியரைச் சந்தேகப்படுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஊழியருக்கும் காவல். தனக்கு அழிக்கும் உரிமையே இல்லை என்றால், அழித்த பழியும் தன்மேல் வராது.

2020: ஐந்து லட்சம் பெயர்கள்

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பி.எம். கிசான் திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கியது. விவசாயக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000 வீதம், நேராக வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். பிறகு 2019 ஜூனில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் பெயரில் சாகுபடி நிலம் இருக்க வேண்டும் என்பது மாறவில்லை.

விவசாயி ஆன்லைனில் தானே பதிவு செய்துகொள்ளலாம், பொதுச் சேவை மையத்திலும் பதியலாம். ஆனால் பதிவு செய்த உடனே பணம் வந்துவிடாது. அது உண்மையான விவசாயிதானா, நிலம் இருக்கிறதா என்று அதிகாரிகள் சரிபார்த்து, தங்கள் யூசர் ஐடி, பாஸ்வேர்டு கொண்டு உள்ளே போய் ஒப்புதல் தர வேண்டும். பி.காம். படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று வருமே, அதேதான். ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வங்கியில் 'மேக்கர் - செக்கர்' என்பார்கள்.

2020-ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் தமிழ்நாட்டில் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தது. நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் விவசாயிகளாகப் பதிவாகியிருந்தார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை என்று இந்த வட்டாரத்து மாவட்டங்கள்தான் செய்தியில் அதிகம் அடிபட்டன. சிபிசிஐடி விசாரணைக்கு வந்தது. அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போயிருப்பதாகச் சொன்னார்.

எப்படி நடந்தது? யாரும் சர்வரை உடைக்கவில்லை. சினிமாவில் வருவது மாதிரி கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடவிட்டு யாரும் ஹேக் செய்யவில்லை. அதிகாரிகளின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் மற்றவர்கள் கைக்குப் போயிருந்தன. அவ்வளவுதான். பதிவு செய்ய வேண்டிய கையே ஒப்புதலும் கொடுத்தது. எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே ஆகிவிட்டார்கள்.

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அன்றைய மத்திய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் கொடுத்த பதிலில் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் சரிபார்த்த 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியில்லாதவை. போன 110 கோடியில் அதுவரை திரும்ப வந்தது 61 கோடி. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒப்பந்தப் பணியாளர்கள் 96 பேர். துறை நடவடிக்கைக்கு உள்ளான அதிகாரிகள் 34 பேர். பாஸ்வேர்டின் ரகசியத்தைக் காக்கத் தவறியதற்காகவும் முறையில்லாமல் ஒப்புதல் கொடுத்ததற்காகவும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள், வட்டார அளவிலான அதிகாரிகள் 3 பேர், உதவி வேளாண் அலுவலர்கள் 5 பேர். 13 மாவட்டங்களில் வழக்கு. ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட 52 பேர் கைது.

இந்த எண்களை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பாஸ்வேர்டுக்குச் சொந்தக்காரர்கள் துறை அதிகாரிகள். ஆனால் ஒரேயடியாக வேலை போனவர்கள் 96 ஒப்பந்தப் பணியாளர்கள். அவர்களில் கமிஷன் வாங்கியவர்கள் இருக்கலாம், அதை விசாரணை சொல்லும், சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் "இந்தா பாஸ்வேர்டு, சீக்கிரம் முடி" என்று கொடுக்கப்பட்டதால் உள்ளே போனவர் யார், தெரிந்தே திருடியவர் யார் என்று ஒரே லாகினை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது? மண்டியில் பில் போடும் பையனின் நிலைமைதான், ஆனால் கோடிக் கணக்கில்.

வேலியும் படலும்

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். இங்கே வேலி இருந்தது, வேலியில் ஒரு படலும் இருந்தது. அந்தப் படலைக் கட்டாமல் விட்டதுதான் கதை.

ஏன் விடுகிறார்கள்? எல்லோரும் திருடர்கள் என்பதால் அல்ல. வேளாண் துறையில் வேலை பார்ப்பவர் வயலுக்குப் போக வேண்டும், விதை விநியோகம் பார்க்க வேண்டும், பயிர்க் காப்பீடு பார்க்க வேண்டும், மீட்டிங் போக வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். திண்டிவனத்தைச் சுற்றி மட்டும் ஒலக்கூர், மயிலம், மரக்காணம் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் எத்தனை கிராமம்! ஆன்லைனில் விண்ணப்பம் குவிகிறது, "இன்னும் ஏன் பெண்டிங்?" என்று மேலே இருந்து கேள்வி வருகிறது. பக்கத்தில் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த ஒப்பந்த ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். "தம்பி, நீயே போட்டுடு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பாஸ்வேர்டு பகிர்வது பெரும்பாலும் பேராசையில் தொடங்குவதில்லை, அவசரத்தில்தான் தொடங்குகிறது. பேராசை பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது.

அவசரம் நியாயமானதுதான். அதற்கு வழியும் உண்டு. உதவிக்கு இருக்கும் ஊழியருக்குத் தன் பெயரிலேயே ஒரு லாகின் கொடுத்து, விவரம் பதியும் உரிமையை மட்டும் தரலாம். ஒப்புதல் பொத்தான் அதிகாரியிடமே இருக்கட்டும். வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், கையெழுத்தைப் பிரித்துக் கொடுக்க முடியாது. பிரச்சினையே இதுதான். பாஸ்வேர்டு என்றால் சாவி மாதிரி என்று நினைக்கிறார்கள். சாவியை இன்னொருவரிடம் கொடுத்தால் அவர் கதவைத் திறப்பார், அவ்வளவுதானே என்று தோன்றுகிறது. ஆனால் பாஸ்வேர்டு கையெழுத்து மாதிரி. அதை இன்னொருவரிடம் கொடுப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். அந்தத் தாளில் என்ன எழுதப்பட்டாலும் எழுதியது நீங்கள்தான்.

வெற்று புரோநோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஊரில் எந்த விவசாயியும் பத்துத் தடவை யோசிப்பார். பாஸ்வேர்டு கேட்டால் படித்தவர்கள்கூட ஒரு நொடி யோசிப்பதில்லை!

மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும்

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 1975-ல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டரில் ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான அளவு மட்டுமே உரிமை தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி இருந்து அவை இரண்டு பேரிடம் இருப்பது நல்லது என்பது இன்னொரு விதி. அந்தத் துறையில் இன்றைக்கும் படிக்கிற கட்டுரை அது.

ஆனால் பழைய தென்னார்க்காடு கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால், இது அவர்கள் ஊரிலேயே இருந்தது என்பார்கள். மணியக்காரர் வரி வசூல் செய்வார். கர்ணம் என்கிற கணக்குப்பிள்ளை கணக்கு எழுதுவார். பணம் வாங்குகிறவர் கையில் கணக்கு இல்லை, கணக்கு எழுதுகிறவர் கையில் பணம் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்கெல்லாம் அங்கே போய் மேலதிகாரியின் பார்வைக்கு வைக்கப்படும். ஒருவர் மேக்கர், ஒருவர் செக்கர், ஜமாபந்தி ஆடிட்! கம்ப்யூட்டர் இல்லாத காலத்து ரோலும் பர்மிஷனும் இதுதான். கருவூலத்தில் 'இரட்டைப் பூட்டு' முறையும் அப்படித்தான். இரண்டு பேரிடம் ஆளுக்கொரு சாவி, இருவரும் வந்தால்தான் அறை திறக்கும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பதவிகள் பரம்பரை பரம்பரையாகச் சில குடும்பங்களின் கையில் இருந்தன. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவற்றை ஒழித்தது, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் எந்த முறையும் நிற்காது என்பதும் உண்மை. ஆடிட்டிங் புத்தகமும் இதை ஒப்புக்கொள்கிறது. இன்டர்னல் செக்கின் பெரிய பலவீனம் ஊழியர்கள் கூட்டுச் சேர்வதுதான். ஆனால் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்ப்பது, ஒருவர் தனியாகச் செய்வதைவிடக் கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் பாதுகாப்பு. பாஸ்வேர்டைப் பகிர்ந்துவிட்டால் கூட்டுச் சேர வேண்டிய கஷ்டம்கூட இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் ரொம்ப ஒழுங்கா என்று கேட்டால், அதுவும் இல்லை. 1762-ல் தொடங்கிய பேரிங்ஸ் என்ற லண்டன் வங்கி 1995-ல் கவிழ்ந்தது. சிங்கப்பூரில் நிக் லீசன் என்பவரிடம் வியாபாரம் செய்யும் வேலையையும் அந்த வியாபாரத்துக்குக் கணக்கு முடிக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர் நஷ்டத்தை எல்லாம் 88888 என்ற கணக்கில் மறைத்தார். சுமார் 82 கோடி பவுண்டு நஷ்டம். கடைசியில் அந்த வங்கியை டச்சு நிறுவனமான ஐஎன்ஜி வாங்கிய விலை ஒரே ஒரு பவுண்டு!

கடைசியில் யார் கொடுத்தது?

110 கோடி என்றதும் யாரோ பெரிய பணக்காரன் சுருட்டியது போலத் தோன்றும். ஆனால் அது 2,000, 4,000 என்று லட்சக்கணக்கான சின்னக் கணக்குகளுக்குப் போன பணம். ஊரடங்கில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த கூலி ஆட்களிடம், "கொரோனா நிவாரணம் வருது, ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் கொடுங்க" என்று சொல்லி வாங்கினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. தாங்கள் விவசாயி என்று பதிவாகியிருப்பதே பலருக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அரசு பணத்தைத் திரும்ப எடுத்தது. அரிசிக்கும் மருந்துக்கும் செலவான காசைத் திருப்பிக் கொடு என்றால் எங்கே போவார்கள்?

அப்புறம் உண்மையான விவசாயி. முறைகேடு வந்ததும் சரிபார்ப்பு இறுகும், அது இயல்பு. 2022-லிருந்து இந்தத் திட்டத்துக்கு இ-கேஒய்சி கட்டாயம் ஆனது. நிலப் பதிவேட்டோடும் இணைக்க வேண்டும். நாடு முழுக்கக் கொண்டுவந்த விதி அது, நல்லதுதான். ஆனால் ரேகை தேய்ந்துபோன விரலோடு, ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது என்று தெரியாமல், சேவை மையத்து வாசலில் காத்திருக்கும் பெரியவர் யாருக்கும் பாஸ்வேர்டு கொடுத்தவர் அல்ல. உள்ளே ஒரு கதவைப் பூட்டாமல் விட்டால், வெளியே நிற்பவருக்கு இன்னும் நாலு கதவு வைக்கிறார்கள்.

சட்டமும் சும்மா இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி பிரிவு இருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்கிற சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். 'எடிட் லாக்' என்பது அதுதான். ஆனால் இந்த விதி கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்களுக்குத்தான். நேரு வீதிக் கடைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஆளுக்கொரு லாகின் இல்லாத இடத்தில் எடிட் லாக் இருந்தும் பயன் குறைவு. 'அட்மின் மாற்றினார்' என்று ஆயிரம் வரி பதிவாகியிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் பெரிய செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. எத்தனை பேரோ அத்தனை லாகின் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் வேலைக்குத் தேவையான உரிமையை மட்டும் கொடுங்கள், குறைவாகத் தொடங்கி, கேட்டால் கூட்டுங்கள். பதிகிறவரும் ஒப்புதல் தருகிறவரும் ஒருவராக இருக்க வேண்டாம். அட்மின் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே மூடுங்கள். கல்லூரி சிம்போசியத்துக்கு வசூல் கணக்கு வைத்திருக்கும் கூகுள் ஷீட்டுக்கும் இதெல்லாம் பொருந்தும். வகுப்பில் அறுபது பேருக்கும் 'எடிட்' கொடுத்துவிட்டு அப்புறம் 500 ரூபாய் இடிக்கிறது என்று சண்டை போடாதீர்கள் :-)

பி.காம். முடித்ததும் பலருக்குக் கிடைக்கும் முதல் வேலை, ஏதாவது ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால்தான். ஒப்பந்த வேலையாகத்தான் இருக்கும். சேர்ந்த முதல் நாளே மேலே இருப்பவர் பாசமாக, "தம்பி, இதான் என் பாஸ்வேர்டு, நீயே பார்த்துக்க" என்பார். நம்பிக்கை வைத்துவிட்டார் என்று பெருமையாக இருக்கும். அப்போது அந்த 96 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். "சார், எனக்குத் தனியா ஒரு ஐடி வாங்கிக் கொடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கலாம், பரவாயில்லை. நாளைக்கு யாராவது வந்து "இதைச் செய்தது யார்?" என்று கேட்கும்போது, செய்ததற்கும் செய்யாததற்கும் உங்கள் பெயரில் ஒரு சாட்சி இருக்கும்.